கெய்கோ கார் ஓடப் பழகின கதை

கார் ஓடப் பழக்கிற தொழிலிலை, பிரேக்கை விடக் கெதியாய்த் தேயிறது மாஸ்ரரின்ர பொறுமைதான். சொந்த மனைவிக்கு ஒரு நாளாவது பழக்கிப் பார்த்தவை உங்களுக்குள்ளை இருந்தால், என்ர பாடு சொல்லாமலே விளங்கும்.

நீங்கள் ஆர்?

இரண்டாயிரத்துச் சொச்சத்திலை லண்டனிலை ஈலிங் பக்கம் ஜப்பான் குடும்பங்கள் கனக்க இருந்தினம். கம்பனி வேலையாய் வந்த ஒருவரின்ர மனைவி கெய்கோ. முதல் நாள் கார்க் கதவைத் திறந்து என்னைப் பார்த்தவுடனே முகம் சுருங்கிப்போச்சு. இங்கிலாந்துக்கார மாஸ்ரர் ஒருவரும் இல்லையோ, வெளிநாட்டவரிட்டைப் பழகத் தயக்கமாய் இருக்கு என்று மெதுவாய்ச் சொன்னா. நான் கோவிக்கேல்லை. நீங்களும் வெளிநாட்டுக்காரிதானே என்று கேட்டன். கொஞ்சம் யோசிச்சிட்டு, எனக்கு விளங்கவேணும் என்று ஆறுதலாய்ச் சொன்னா: "இல்லை, நான் ஜப்பான்காரி."

றவுண்டபவுட்

வேறை ஆள் கிடைக்காததாலை என்னட்டையே பழகினா. ஒரு நாள் வெம்பிளியிலை, றவுண்டபவுட் எண்ட வட்டச் சந்தியிலை கார் நடுவிலை நிண்டுபோச்சு. பின்னாலை வந்த வான்காரன் கண்ணாடியை இறக்கி, உங்கட நாட்டுக்கே போய்த் துலையுங்கோ என்று கத்திப்போட்டுப் போனான். அவன் ஆருக்குச் சொன்னவன் என்று கெய்கோ கேட்டா. ரெண்டு பேருக்கும்தான் என்றன்.

ஒரு ஒழுங்கைக்குள்ளை காரை நிற்பாட்டச் சொன்னன். ஹாண்ட்பிரேக்கை இழுத்துவிட்டா. பிறகு, தங்கட ஊர் நகோயாவிலை, தங்கட மாடிக் கட்டிடத்திலை இருந்த ஒரு பிரேசில் குடும்பத்தைப் பற்றிச் சொன்னா. அந்தத் தாய் காலமையிலை வணக்கம் சொல்லுவாவாம். இவ கேளாத மாதிரிப் போயிடுவாவாம். கடைசியாய் என்ர பக்கம் திரும்பிக் கேட்டா: "நான் வேணுமெண்டுதான் போனனான் எண்டு அவவுக்கு விளங்கியிருக்குமோ?"

நகோயாவிலிருந்து

டெஸ்ற் பாஸ் பண்ணி, அடுத்த வருசம் ஊருக்குத் திரும்பிட்டா. பேந்து ஒரு காலமை அங்கையிருந்து போன் எடுத்தா. அந்தக் கட்டிடத்துச் சங்கக் கூட்டத்திலை, பிரேசில்காரருக்குக் குப்பை பிரிக்கத் தெரியேல்லை, அவையை வீட்டிலையிருந்து எழுப்பவேணும் என்று கதை வந்ததாம். ஒரு கூட்டத்திலும் வாய் திறவாத கெய்கோ எழும்பி, லண்டனிலை நானும் வெளிநாட்டுக்காரிதான், எந்தக் குப்பையை எந்த நாள் வைக்கிறதெண்டு பக்கத்து வீட்டிலை கேட்டுத்தான் பழகினனான் என்று சொன்னாவாம். அடுத்த நாளே அந்த வீட்டுக்குப் போய், தானே பழக்கியும் விட்டாவாம். அவை இப்பவும் அங்கைதான் இருக்கினம்.

எல்லாருக்கும் மனம் மாறேல்லை. சிலர் தன்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறதில்லையாம். கவலையோ என்று கேட்டன். "இல்லை, மாஸ்ரர். அந்த வீட்டுப் பிள்ளை என்னைப் பெரியம்மா எண்டு கூப்பிடுது."

கார் ஓடப் பழக்க எனக்கு லைசென்ஸ் தந்திருக்கினம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் பழக்கிறதுக்கு ஒருவருக்கும் லைசென்ஸ் குடுக்கிறதாய்க் காணேல்லை, அதை ஆக்கள் தாங்களாய்த்தான் பழகவேண்டியிருக்கு.