எலுமிச்சை பிழிந்த தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில், மிளகும் ஏலக்காயும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் சோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. மிளகில் ஈரம் எவ்வளவு, ஏலக்காயில் எண்ணெய் எவ்வளவு என்று பார்த்து எழுதித் தர வேண்டும். ஒரு கோடையில் ஆபீசிலிருந்து ஆறு பேர் மூணாறுக்கு அப்பால் ஒரு மலை ஏறுவதென்று முடிவானபோது, குடிதண்ணீர்ப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நான் கெமிஸ்ட்ரி படித்தவள். அதோடு, முந்தைய வருஷம் போனவர்களில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பியிருந்தார்கள்.

அவர்கள் விளையாட்டாகத்தான் சொன்னார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் தண்ணீரைச் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்துத்தான் குடிப்போம். அதை மிஞ்சிய வழி கிடையாது. ஆனால் கோடையில் அந்த மலையில் தீ மூட்டக் கூடாது. காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். பிளீச்சிங் பவுடரை நான் நம்பவில்லை. எங்கள் ஊர் ஈரக்காற்றில், டப்பாவைத் திறந்த சில வாரத்தில் அது கட்டி தட்டிவிடும். பிறகு அதில் எவ்வளவு வீரியம் மிச்சம் என்று யார் சொல்வது? படிகாரம் கலங்கலைத் தெளியவைக்கும், கிருமியைக் கொல்லாது. கடைசியில் டிங்சர் அயோடின் என்று தீர்மானித்தேன். காயத்துக்குப் போடும் அதே பழுப்பு மருந்துதான். தெளிந்த தண்ணீரில் லிட்டருக்கு ஐந்து சொட்டு; பிறகு அரை மணி நேரம் தொடக் கூடாது.

வீட்டிலேயே கலந்து குடித்துப் பார்த்தேன். அம்மா முகர்ந்துவிட்டு, "இதென்ன ஆஸ்பத்திரி வெள்ளமா? மனுஷன் குடிப்பானா?" என்றாள். எங்கள் ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர்.

"ரெண்டு நாளைக்குக் குடிக்கலாம்மா. ஒண்ணும் ஆகாது."

எங்களோடு வந்த டைப்பிஸ்ட் அக்காவுக்கு மட்டும் தைராய்டு கோளாறு. அவருக்கு அயோடின் ஆகாது. அடிவார விடுதியில் கொதிக்கவைத்த தண்ணீரை இரண்டு பாட்டிலில் அவருக்கென்று தனியே எடுத்துக்கொண்டோம்.

எங்களை நடத்திப் போனவர் கோடவுன் சூப்பர்வைசர். களமசேரிக்காரர், ஐம்பது வயது. ஆபீசில் எல்லோருக்கும் சேட்டன், அதாவது அண்ணன். பாதி மலையில் கடைசி ஓடை வருவதற்குள், விடுதியில் நிரப்பிய மற்ற ஐந்து பாட்டிலும் காலி. ஐந்து பாட்டிலையும் நிரப்பி, சொட்டு விட்டு, குலுக்கி மூடினேன். "பதினோரு மணி வரைக்கும் யாரும் தொடாதீங்க" என்றேன். இன்னும் கொஞ்சம் ஏறி ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தோம். நான் செருப்பு வாரை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, சேட்டன் கையில் பிழிந்த எலுமிச்சை மூடி. ஐந்து பாட்டிலிலும் அந்த லேசான மஞ்சள் நிறத்தைக் காணோம்.

"மோளே, இது கண்டோ? நாரங்ங பிழிஞ்சேன், நெறம் முழுக்கப் போயி! அஞ்சு நிமிஷத்துல வெள்ளம் சுத்தம்!"

மற்றவர்கள் கைதட்டினார்கள்.

"யாராவது குடிச்சாச்சா?"

"இல்ல."

"அப்ப கொட்டிடுங்க."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சேட்டனின் முகம் சிவந்துவிட்டது. "எல்லாருக்கும் தொண்டை வறண்டு கெடக்கு. நீ கொட்டச் சொல்றியா?"

"சேட்டா, நெறம் போச்சுன்னா மருந்தே போச்சுன்னு அர்த்தம். எலுமிச்சைல இருக்கிற விட்டமின் சி அயோடினை முறிச்சிடும். கிருமி எல்லாம் அப்படியேதான் இருக்கு."

"காட்டு வெள்ளத்துல என்ன கிருமி?"

ஓடைக்கு மேலே, எதிர்ச்சரிவில் எஸ்டேட் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அதைக் காட்டினேன். நான் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து கவிழ்த்தேன். சோதனைக் கூடத்தில் நான் எழுதிய எண்ணை முதலாளி சந்தேகப்பட்டால் இரண்டு தடவை திரும்பப் பார்ப்பேன். இதில் திரும்பப் பார்க்க ஒன்றுமில்லை.

காலி பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு நானே ஓடைக்கு இறங்கினேன். மறுபடி நிரப்பிக்கொண்டு ஏறி வந்தேன். மேலே டைப்பிஸ்ட் அக்கா தன் பாட்டிலை நீட்டி, "ஆளுக்கு ஒரு வாய் எடுத்துக்கோங்களேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் வாங்கவில்லை. "அது நிங்ஙளோட வெள்ளம்" என்றார் சேட்டன், தலையைத் திருப்பிக்கொண்டு.

மறுபடி ஐந்து சொட்டு. மறுபடி அரை மணி நேரம். இந்தத் தடவை சேட்டன் வாட்சைக் கழற்றிப் பாறைமேல் வைத்துக்கொண்டு காவல் இருந்தார். நேரம் ஆனதும் மிச்சமிருந்த எலுமிச்சையை நானே எடுத்து அவரிடம் கொடுத்தேன். "இப்ப பிழியலாம். மருந்து வேலையை முடிச்சாச்சு. இனி ருசிக்குத்தான்."

அவர் பிழிந்தார். நிறம் மறைந்தது. முதல் மடக்கை எனக்கு நீட்டினார்.

உச்சியை அடைந்தபோது மதியம் தாண்டியிருந்தது. எங்களில் ஒருவருக்கும் வயிறு கெடவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி. இறங்கும் வழியில், அதே ஓடையில் நாலைந்து காலேஜ் பையன்கள் குனிந்து கையால் அள்ளப் போனார்கள். சேட்டன் தூரத்திலிருந்தே, "நில்லு, நில்லு!" என்று கத்திக்கொண்டு ஓடினார். என்னிடமிருந்து மருந்துப் புட்டியை வாங்கி, தானே கண்டுபிடித்ததைப் போல விளக்கினார்.

"லிட்டருக்குப் பத்து சொட்டு..."

"அஞ்சு, சேட்டா. இது தெளிஞ்ச தண்ணி."

"ஆ, அஞ்சு" என்று திருத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக எண்ணி விட்டார்.