மகாராணிக்குத் தண்ணீர் காட்டியவன்

என் தம்பி சுவர்ப் பூச்சு வேலைக்காரன். அவனுக்கும் படிப்புக்கும் ஏழாம் பொருத்தம். குழந்தை வளர்ப்பைப் பற்றி ஒரு வரிகூடப் படித்தவனில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஒரு குழந்தையின் கையை அவனளவுக்குப் புரிந்துகொண்ட ஆளை நான் பார்த்ததில்லை. இதை நான் சொல்வதே பெரிய விஷயம். அவனைப் பாராட்டி எனக்குப் பழக்கமில்லை.

அவன் மகளை மகாராணி என்றுதான் கூப்பிடுவோம். ஒன்றே முக்கால் வயது. விரலில் ஒரு சொட்டுத் தயிர் பட்டால் போதும், கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு "ச்சீ, ச்சீ" என்று யாராவது வந்து துடைக்கும்வரை அலறுவாள். வாழைப்பழம் ச்சீ. ஈர மண் ச்சீ. மழைத்துளியும் ச்சீ. சாப்பாட்டைத் தொடவே மாட்டாள்; ஊட்டினால்தான் உண்டு.

சாரத்திலிருந்து விழுந்து கணுக்கால் பிசகி, தம்பி ஐந்து வாரம் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. அதுவரை வீட்டில் இருந்த அவன் மனைவி அப்போதுதான் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவன் மறுபடி வேலைக்குப் போகும்போது குழந்தையைக் காப்பகத்தில் விட்டாக வேண்டும். அங்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள்: "தானா எடுத்துச் சாப்பிடற பிள்ளைங்கள மட்டும்தான் சேர்த்துக்குவோம். பன்னெண்டு பேருக்கு ரெண்டு பேர் இருக்கோம், ஊட்டிட்டிருக்க முடியாது." சேர்க்காவிட்டால் இருவரில் ஒருவர் வேலையை விட வேண்டியதுதான்.

"காய்ஞ்ச சுவத்துல பூச்சு நிக்காதுக்கா," என்றான் தம்பி ஃபோனில். "மொதல்ல தண்ணி காட்டணும். கொஞ்சம் கொஞ்சமா."

எங்கள் எல்லோருக்கும் தண்ணி காட்டிக்கொண்டிருந்த மகாராணிக்கு அவன் தண்ணீர் காட்டத் தொடங்கியது இப்படித்தான்.

சமையலறைத் தரையில் தார்ப்பாயை விரித்தான். அகலமான பிளாஸ்டிக் பேசினில் காய்ந்த மாவைக் கொட்டினான். அவளைக் கூப்பிடவில்லை. கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, தானே மாவைக் குவித்தான், கலைத்தான், பூச்சுக் கரண்டியால் தடவித் தடவி வழவழப்பாக்கினான். மகாராணி கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இரண்டு நாள் மேற்பார்வை பார்த்தாள். மூன்றாம் நாள் சுண்டுவிரலை விட்டாள். உதறினால் மாவு போய்விட்டது. சரி, பரவாயில்லை என்று நினைத்திருப்பாள். அதன்பின் தினமும் ஒரு ஸ்பூன் தண்ணீர் கூட்டினான். ஒரு நாள் அவசரப்பட்டு இரண்டு ஸ்பூன் விட்டதில் அவள் அலறிய அலறலுக்கு, மறுநாள் மறுபடியும் காய்ந்த மாவிலிருந்து ஆரம்பித்தான். முகம் சுளிக்கவில்லை. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். அந்தப் பொறுமை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது, இவனுக்கு எங்கிருந்து வந்ததோ.

நான் சலவைக் கடையில் கறை எடுப்பவள். மகாராணி பிறந்ததிலிருந்து சாயங்காலங்களில் அவளைப் பார்த்துக்கொண்டவள் நான்தான். தம்பி வீட்டில் இருந்ததால் நான்கு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் ஞாயிறு போய்க் கதவைத் திறந்தால் ஃப்ரிட்ஜ் கைப்பிடிவரை மாவு. நடுவில் மகாராணி, இரண்டு கையையும் கூழுக்குள் விட்டுக்கொண்டு.

"ச்சீ, என்னடா இது?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையை வெளியே எடுத்தாள். அலறத் தொடங்கினாள்.

தம்பி அவளைக் கழுவித் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "இந்த வீட்ல அந்த வார்த்தைய சொல்ற ஒரே ஆளு நீதான்க்கா."

உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல். விருட்டென்று கிளம்பிவிட்டேன். இரண்டு நாள் அவன் கூப்பிட்டபோதெல்லாம் நான் ஃபோனை எடுக்கவில்லை. சுத்தம் சோறு போடும் என்று ஊருக்கே சொல்பவள் நான். என் சுத்தம் ஒரு குழந்தையைச் சோற்றைத் தொடவிடாமல் செய்திருந்தது. வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் எடுத்தேன். "காப்பகத்துல சேர்க்க நாலு நாள்தான் இருக்கு," என்றான். "அவ இப்ப எதையும் தொடறதில்ல. நீ வந்து கைய வைக்கணும். உன் மூஞ்சியப் பார்த்துதான் அவ முடிவு பண்றா. கோவமா இருந்தா கோவத்தோடவே வா."

போனேன். உருளைக்கிழங்கை வேகவைத்துப் பிசைந்து, பால் விட்டுத் தளர்த்தி வைத்திருந்தான். உட்கார்ந்து கையை உள்ளே விட்டேன். வெதுவெதுப்பாக விரலிடுக்கெல்லாம் ஏறியது. ச்சீ என்று நாக்கு நுனிவரை வந்தது. முகத்தில் காட்டவில்லை. மகாராணி வெகுநேரம் என் முகத்தையே படித்தாள். பிறகு என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள்.

ஒரு பிடி அள்ளினாள். நேராக என் வாயில் திணித்தாள். விழுங்கினேன். அடுத்த பிடி அவள் அப்பாவுக்கு. மூன்றாவது பிடியை அள்ளிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவர் வாயும் நிறைந்திருந்தது. அதைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுகிறான் என்று தோள் காட்டிக்கொடுத்தது. நான் திரும்பவெல்லாம் இல்லை, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எங்கள் இருவரையும் கண்டுகொள்ளாமல் அவள் நாலாவது பிடிக்குக் கையை விட்டாள்.