ஏரிக்கரையோடு நடந்த மாமா

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம். கல்யாணமாகி ஏற்காடு மலையில் இருக்கும் கொட்டச்சேட்டுக்கு வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. காப்பிப் பழம் பறித்து முடிந்து, எஸ்டேட்டில் வேலை சற்று ஓய்ந்திருந்த நேரம். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு ஏற்காடு போயி சுத்திப் பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டார்.

கேட்டது என்னை மட்டும்தான். ஆனால் அது ஒரு அறையும் ஒரு அடுப்படியும் கொண்ட எஸ்டேட் வீடு. ரகசியம் பேச அங்கே ஏது இடம்? அடுப்படியிலிருந்து அத்தை கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"ஏற்காட்டுக்கா? யாரார் சாமி போறோம்?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். "எல்லாருந்தாம்மா" என்று சொல்லிவிட்டார்.

எல்லாரும் என்றால் ஐந்து பேர். அதே எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த அவர், நான், காப்பி பறிக்கப் போகும் அத்தை, மேஸ்திரி வேலை பார்க்கும் மாமா, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் நாத்தனார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சுணங்கியது உண்மை. சினிமாவில் வருவது போல நாங்கள் இருவர் மட்டும் ஏரியில் படகு போகும் காட்சியை அதற்குள் மனதில் பார்த்துவிட்டிருந்தேன்.

மறுநாள் விடியும்போதே அத்தை புளிசோறு கிளறி, முட்டைகளை அவித்து, ஒரு பெரிய தூக்குவாளியில் அடைத்துவிட்டார். துண்டு நிறைய ஆரஞ்சுப் பழம் தனி மூட்டை. கிறிஸ்துமஸுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு அத்தை வாசலில் வந்து நின்றபோது அவர் முகத்தில் இருந்த களையைப் பார்த்ததும் என் சுணக்கம் போன இடம் தெரியவில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். "கண்ணு, நீ ஏற்காட்ட பாத்திருக்கறயா?"

"ஒம்பதாவது படிக்கறப்ப ஸ்கூல்ல கூட்டிட்டு வந்தாங்க அத்தை. ஏரி, லேடீஸ் சீட்டு, பகோடா பாயிண்ட் எல்லாம் பாத்தோம்."

"அப்ப நீதான் எங்களுக்குக் காட்டோணும். நாங்க ஒண்ணும் பாத்ததில்ல."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. ஏற்காட்டுக்கு அவர்கள் எத்தனையோ தடவை போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு, கோயில் திருவிழாவுக்கு. வேலை முடிந்ததும் அடுத்த பஸ். ஏரியைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலையைச் சுற்றிக் காட்ட, கீழே சேலத்திலிருந்து வந்த நான் வழிகாட்டி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அத்தைக்கு அதில் கூச்சமே இல்லை. இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா என்ற வீம்பு அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஆசையாகக் கேட்டுக்கொள்வார்கள்.

மாமா முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமெல்லாம் இல்லை. புது மருமகளிடம் மாமனார் பேசும் வழக்கம் அங்கே அவ்வளவாக இல்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அத்தையிடம் சொல்வார். "அந்தப் புள்ளைய வெய்யல்ல நிக்க வேண்டாம்னு சொல்லு." நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கி ஏரிக்கு நடந்தோம். போட் ஹவுஸில் படகைப் பார்த்ததும் மாமா நின்றுவிட்டார். காட்டு மாடு எதிரே வந்தாலும் அசையாதவர் என்று எஸ்டேட்டில் பெயரெடுத்த மனுஷன்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இப்படிக்கா கரையோட வர்றேன்."

"ஏனுங்க, வாங்களேன். ஒண்ணும் ஆவாது" என்று அத்தை கூப்பிட்டார்.

"எனக்குப் போட்டெல்லாம் ஆவாது. போங்க போங்க."

துடுப்புப் படகை என் வீட்டுக்காரரே ஓட்டுவதாகச் சொல்லி வாடகைக்கு வாங்கிவிட்டார். அவருக்கும் அதுதான் முதல் தடவை என்பது ஏறின பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. படகு முன்னால் போகாமல் கொஞ்ச நேரம் வட்டம் அடித்தது. நாத்தனார் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டாள். பிறகு ஒருவழியாகப் பிடிபட்டு நகர்ந்தது. அத்தை தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டே வந்தார்.

"பஞ்சாட்டம் போவுது பாரு கண்ணு. இத்தன நாளா இத உட்டுட்டு இருந்துருக்கறமே!"

கரையைப் பார்த்தேன். மாமா நடந்துகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தலையில் சுற்றி, படகுக்கு நேராகவே வந்துகொண்டிருந்தார். படகு நின்றால் அவரும் நின்றார். புதர் குறுக்கிட்டால் மேலே ஏறிச் சுற்றி மறுபடி கரைக்கு வந்து கண்ணால் எங்களைத் தேடினார். ஏரியைப் பார்க்க வந்தவர் ஏரியையே பார்க்கவில்லை. எங்கள் படகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

"சின்ன வயசுல கிளியூர் பக்கம் ஓடையில வழுக்கி உழுந்தாராம், தண்ணி அடிச்சிட்டுப் போயிருச்சாம்" என்று அத்தை சொன்னார். "யாரோ முடியப் புடிச்சு இழுத்துப் போட்டிருக்கறாங்க. அதுலருந்து தண்ணின்னா நொம்ப பயம்."

நடு ஏரிக்கு வந்திருப்போம். குளிர் திடீரென்று கூடியது. எதிர்ச் சரிவிலிருந்து மேகம் இறங்கியது. மலையில் அது சாதாரணம்தான். ஆனால் தரையில் நின்று பார்ப்பது வேறு, தண்ணீருக்கு நடுவில் இருப்பது வேறு. முதலில் எதிர்க்கரை மரங்கள் போயின. அப்புறம் போட் ஹவுஸ். கடைசியாக, மாமா தலைத்துண்டின் வெள்ளையும் மறைந்தது. படகின் மூக்கு மட்டும் தெரிந்தது. என் வீட்டுக்காரர் துடுப்பை வேகமாகப் போட்டார். போகிறோமா, நின்ற இடத்திலேயே சுற்றுகிறோமா என்று புரியவில்லை. எங்கேயோ இன்னொரு படகில் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. அது முன்னால் கேட்கிறதா பின்னால் கேட்கிறதா என்பதுகூடத் தெரியவில்லை. நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை வாய்க்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

"ஏ... பெரியவனேய்!"

எஸ்டேட்டில் சாயங்காலம் பறிப்பை நிறுத்தச் சொல்லி மாமா போடும் சத்தம் பள்ளத்தைத் தாண்டி அடுத்த சரிவுக்குக் கேட்கும். அதே குரல்தான். ஆனால் அதில் அன்றைக்கு ஒரு நடுக்கம் இருந்தது.

"இங்கதாம்ப்பா!" என்று மகன் கத்தினார்.

"பாப்பா!"

"அப்பா!" என்று நாத்தனார்.

"ஏம்புள்ள!"

"இருக்கறனுங்க!" என்று அத்தை.

கொஞ்சம் இடைவெளி.

"மருமவளே! கண்ணு! இருக்கறயா சாமி?"

நான் பிறந்ததிலிருந்து அவ்வளவு சத்தமாக யாருக்கும் பதில் சொன்னதில்லை. "இருக்கறனுங்க மாமா!" என்று கத்தினேன். அத்தை ஜெபத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்படாதீங்க! எஞ்சத்தத்தப் புடிச்சிக்கிட்டே வாங்க! தள்ளிப் போவாதீங்க!"

அதன் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. எங்களையே மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். கூப்பிட்டு முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொருவரும் பதில் கொடுத்துக்கொண்டே இருந்தோம். நாத்தனார் குரல் வந்த பக்கத்தைக் கையால் காட்ட, அவள் அண்ணன் துடுப்பைத் திருப்பினார். சத்தம் கிட்டே வந்தது. வெள்ளைக்குள் ஒரு கருப்பு உருவம் தெரிந்தது.

மாமா கரையில் நிற்கவில்லை. தண்ணீருக்குள் நின்றார். இடுப்பு வரைக்கும். ஒரு கையால் கரையோரக் கிளையொன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். படகின் விளிம்பு கையில் பட்டதும் அதைப் பிடித்து இழுத்துக் கரையில் மோதவிட்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

நாங்கள் இறங்கினோம். அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏனுங்க, தண்ணின்னா ஆவாதுன்னீங்க?"

"தண்ணியா? எங்க?" என்று அவர் குனிந்து பார்த்தார். அப்புறம்தான் நடுங்க ஆரம்பித்தார்.

மேகம் வந்த மாதிரியே போய்விட்டது. வெயில் அடித்தபோது பார்த்தால் போட் ஹவுஸ் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அங்கிருந்த ஆள் வந்து படகை வாங்கிக்கொண்டு, "இதெல்லாம் தினமும் நடக்கறதுதானுங்க" என்றார். மாமா அதைக் காதில் வாங்கவில்லை. துண்டைக் கட்டிக்கொண்டு, வேட்டியைச் செடிமேல் காயப் போட்டுவிட்டு, வெயிலில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டார். அத்தை எனக்கு முட்டையை உரித்துக்கொண்டிருக்கும்போது, மாமா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னார்.

"ரெண்டாச் சாப்புடு கண்ணு. குளுருல இருந்துருக்கற."

மற்றவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மாதிரி இருந்தார்கள். நாத்தனார் மட்டும் என்னை இடித்தாள்.

சாப்பிட்டபின் பூங்காவைச் சுற்றினோம். ஏரிக்கரையில் வளையம் வீசும் கடை ஒன்று இருந்தது. பலகைமேல் பவுடர் டப்பா, கண்ணாடி, பொம்மை என்று வரிசையாக வைத்திருப்பார்கள். வளையம் எதன்மேல் விழுகிறதோ அது நமக்கு. அத்தைக்குக் கைப்பிடி வைத்த முகம் பார்க்கும் கண்ணாடிமேல் கண். வீசிய வளையமெல்லாம் எங்கெங்கோ போய், கடைசி வளையம் ஒரு சோப்புமேல் விழுந்தது. ராஜாங்கமே கிடைத்தது போல அந்தச் சோப்பை முகர்ந்து பார்த்து, எல்லாருடைய மூக்கிலும் வைத்துக் காட்டினார்.

பிறகு லேடீஸ் சீட். அங்கே டெலஸ்கோப் வைத்திருந்தார்கள். மாமா கம்பி வேலியை ஒட்டி நின்று கீழே பார்த்தார். மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்க, அடியில் சேலம் பரந்து கிடந்தது.

"நாம இம்மாம் ஒசரத்துலயா இருக்கறோம்?" என்றார். வாழ்நாளெல்லாம் அந்த மலையில் ஏறி இறங்கிய மனுஷன். தன் ஊர் இருக்கும் உயரத்தை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"உங்கூடு எது கண்ணு?"

டெலஸ்கோப்பில் நான் தேடினேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த நூல் மில்லின் புகைக்கூண்டுதான் அடையாளம். முதலில் அகப்படவில்லை. டெலஸ்கோப்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மாமா அவரிடம் போய், "ஏனுங்க, புள்ள அம்மா ஊட்டத் தேடுதுங்க. சித்த இருங்க" என்றார். அவர் பேசியது அவ்வளவு பணிவாக இருந்ததால் வரிசையில் நின்றவர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். புகைக்கூண்டு கிடைத்தது. அதன் கீழே, தூசு மாதிரி, எங்கள் ஓட்டு வீடுகள். கண் கலங்கியதில் மறுபடி எல்லாம் மங்கிப் போனது. மாமாவுக்கு இடம் விட்டேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"பக்கந்தான். நெனச்சா போயிட்டு வந்தர்லாம்" என்றார்.

சாயங்கால பஸ்ஸில் அத்தை தூங்கிவிட்டார். சோப்பு மடியில் இருந்தது. நாத்தனார் என் தோளில் சாய்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் கைகளில் துடுப்புப் பிடித்த இடமெல்லாம் கொப்புளம். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

அந்த வாரம் முழுக்க எஸ்டேட்டில் இதே பேச்சு. அத்தை காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்று, ஏரியையும் டெலஸ்கோப்பையும் மற்ற பெண்களுக்கு விவரித்தார். கேட்டவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. ஈஸ்டர் முடிந்த அடுத்த லீவு நாளில் ஒரு பெரிய கூட்டமே புளிசோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறியது. முன்னால் நின்று எல்லாரையும் ஏற்றியவர் அத்தை. "நீங்கெல்லாம் லேடீஸ் சீட்டப் பாத்ததில்ல, நாங் காட்டறேன் வாங்க" என்று அவர் சொன்னது பஸ் ஜன்னல் வழியாக எங்கள் வாசல் வரைக்கும் கேட்டது.