திலகவதி கடையின் மவுஸ்

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் மிஷினும் ஒரே ஒரு கம்ப்யூட்டரும் வைத்துக் கடை நடத்துகிறவள் திலகவதி. புருஷன் மலையாண்டி துபாயில் இருந்த வருஷங்களில் தானே கற்றுக்கொண்டு, தானே தொடங்கிய கடை. பட்டா, சாதிச் சான்று, பரீட்சை விண்ணப்பம், எதுவானாலும் ஜனம் அவளிடம்தான் வரும்.

மலையாண்டி இந்த வைகாசியில் ஒரேயடியாக ஊர் திரும்பினார். வந்ததிலிருந்து ஒரே பாட்டு: நான்தான் வந்துவிட்டேனே, கடை எதற்கு, மூடிவிட்டு வீட்டோடு இரு. திலகவதி சண்டை போடவில்லை; சரி என்றும் சொல்லவில்லை. கடை போய்விட்டால் தன்னை யாரும் தேடி வரமாட்டார்கள் என்ற பயம் மட்டும் அவளை விடவில்லை.

ஆயுத பூஜை அன்று மனிதர் கூப்பிடாமலே கடைக்கு வந்தார். திரையில் சரஸ்வதி படத்தை வரவழைத்து வைத்துவிட்டு, சுண்டல் அடுப்பில் கிடக்கிறதென்று அவள் வீட்டுக்கு ஓடினாள். பொட்டு வைத்துப் பூஜை முடிக்கிற மிச்ச வேலையை அவரே பார்த்துக்கொண்டார். கம்ப்யூட்டரை அணைக்கத் தெரியாமல் மெயினை இறக்கிவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் விஜயதசமி. வல்லத்திராக்கோட்டையிலிருந்து ரம்யா என்ற பெண் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க வந்து உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் கடைசி நாள். கம்ப்யூட்டர் கிளம்பிவிட்டது, மவுஸ் மட்டும் அசைவேனா என்றது. பட்டனை அழுத்தினால் கேட்கிறது. நகர்த்தினால் அம்பு திரை நடுவில் குத்துக்கல் மாதிரி நிற்கிறது. ஒயரைப் பிடுங்கி வேறு துளையில் சொருகினாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. புதிது வாங்கலாமென்றால், விற்கிற கடை அன்று திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மலையாண்டி தூக்குவாளியில் இட்லி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரம்யா இருப்பதைக்கூடப் பார்க்கவில்லை.

“கடைய மூடணும்னா மூஞ்சிக்கு நேரா இன்னொரு தடவ சொல்லிருக்கலாம்ல. இப்புடிக் கெடுத்துத்தான் மூடணுமா?”

அவர் தூக்குவாளியை மேஜையில் வைத்துவிட்டு எதிர் டீக்கடைக்குப் போய்விட்டார்.

திலகவதி மவுஸைக் கவிழ்த்துப் பார்த்தாள். மேலே இருந்த பொட்டைக் காலையிலேயே துடைத்திருந்தாள். அடியை யார் பார்த்தார்கள்? சிவப்பு வெளிச்சம் வருகிற குழி நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம். பிள்ளை நெற்றிக்கு வைப்பதுபோல வட்டம் பிசகாமல் வைத்திருந்தது. ஒயரைக் கழற்றி, காது குடைகிற பட்ஸில் சானிடைசர் தொட்டு மெல்லத் துடைத்தாள். ஓரத்தில் காய்ந்து பிடித்திருந்ததைப் பல்குச்சியால் எடுத்தாள். ஈரம் உலர்ந்ததும் சொருகினாள். அம்பு ஓடியது. அவளுக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. ரம்யாவை இருக்கச் சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டினாள்.

அடியில் எதற்கு வைத்தீர்கள் என்று கேட்டாள்.

“அங்கதான் செவப்பா எரிஞ்சுச்சு. அதுக்கு உசுரு அங்கனதான் இருக்கும்னு நெனச்சேன்,” என்றார் மலையாண்டி, அவளைப் பார்க்காமல்.

தெரியாமல் பேசிவிட்டதாகச் சொன்னாள். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“இப்ப ஓடுதா?”

“ஓடுதுங்க.”

“அப்பறம் இங்கிட்டு என்ன நிக்கிற? கடைக்குப் போ. அந்தப் புள்ள காத்துக்கிட்டு இருக்குல்ல.”