ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

என் தங்கை மதிவதனி பிறந்தது 1998 அக்டோபர் பதினேழு, சனிக்கிழமை, காலை ஆறு நாற்பது. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டை நான்தான் வாங்கினேன். அப்போது எனக்குப் பத்து வயது. அந்தச் சீட்டு இன்றைக்கும் பிளாஸ்டிக் உறையில் என் பெட்டியில் இருக்கிறது.

2003 ஜூன் மாதம் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போனதும் நான்தான். அப்பா கோதண்டம், பாடிப் பக்கம் லாரிக்குச் சுமை ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா ஜெகதாம்பாளுக்கு உடம்பு சரியில்லை. தலைமையாசிரியர் சீட்டைப் பார்த்துவிட்டு, “அஞ்சு வயசுக்கு நாலு மாசம் குறையுதும்மா. மே மாசம்னு போட்டுக்கறேன், இப்பவே சேத்துடலாம்” என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு அப்படித்தான் போட்டிருந்தார்கள், அது பிடிக்கவில்லை. மதி ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு அடுத்த ஜூனில் சேர்ந்தாள், சரியான தேதியோடு.

நான் பத்தாவதோடு நின்று பாடியில் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். போல்ட்டை அளவுக் கருவியில் வைத்துப் பார்த்து, சரியானதை ஒரு தட்டிலும் தவறானதை இன்னொன்றிலும் போடுகிற வேலை. இருபது வருடமாக அதே வேலை. மதி படித்தாள். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் முடித்தாள். 2019இல் அம்பத்தூர் எஸ்டேட்டில், பழைய அச்சகத்து மாடியில் இருந்த ஒரு கம்பெனியில் சேர்ந்தபோது அங்கே மொத்தம் பதினோரு பேர். ஆஸ்பத்திரிப் படிவங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் வேலை. இப்போது அதே கம்பெனிக்குக் கண்ணாடிக் கட்டடம், முந்நூறு பேர். துணிக்கடை, மருந்துக் கம்பெனி, பால் வண்டி, பள்ளிக்கூடம் என்று எல்லோரும் தங்கள் பழைய பதிவுகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், இதில் என்ன இருக்கிறது சொல்லுங்கள் என்று. டேட்டா அனலிட்டிக்ஸ் என்கிறார்கள். மதி அதில் தட்டச்சு செய்பவளாக நுழைந்து, பிழை திருத்துபவளாகி, கடைசியில் முடிவு சொல்பவளாக ஆனாள். யாரும் அவளைக் கைபிடித்துத் தூக்கிவிடவில்லை.

வளர்ச்சி என்றால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவள் நசரத்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வருவதைப் பார்த்தால் அப்படித் தெரியாது. செருப்பைக் கழற்றக்கூடக் குனியமாட்டாள், காலாலேயே தள்ளிவிடுவாள். கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் படுப்பாள். “என்ன செஞ்ச இன்னிக்கு?” என்றால், “பாத்தேன்கா” என்பாள். பார்ப்பதுதான் வேலை. நாள் முழுக்கப் பார்க்க வேண்டும்.

போன ஆகஸ்டில் அவளுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. தொழிற்சாலைகளுக்குத் துப்புரவு, கேன்டீன், காவல் ஆட்களை அனுப்புகிற ஒரு நிறுவனம். பட்டியலில் 9,240 பேர். அதில் பெயர் மட்டும் இருந்து ஆளே இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று கண்டுபிடிக்க வேண்டும். மதி ஒரு விதி எழுதினாள். அந்த நிறுவனத்துக்கு ஆள் பிடித்துத் தருகிற ஒரு கான்ட்ராக்டரிடம் ஐந்நூறு பேர் இருந்தால், ஒரே நாளில் பிறந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருக்க முடியும். இருபது பேருக்கு மேல் ஒரே தேதி என்றால் யாரோ உட்கார்ந்து இஷ்டத்துக்கு எழுதிய பெயர்கள். அந்த விதியில் 614 பேர் சிக்கினார்கள். மீட்டிங்கில் கைதட்டினார்களாம். அவளுடைய மேலாளர் வெங்கட், அடுத்த மாதம் அவளை டீம் லீடாக்கப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். அன்றைக்கு வாசலிலேயே செருப்பைக் குனிந்து கழற்றினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சலை வந்தாள். எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருப்பவள். பதினான்கு வருடமாக ஒரு தொழிற்சாலையில் தரை துடைக்கிறாள். புருஷன் இல்லை, அவள் போய்வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். மதி உள்ளே தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“வரலச்சுமி, ஊட்ல கீறியா? இன்னா அநியாயம் பாரு. கேட்ல கார்டு வெச்சா சிவப்பு லைட் எரியுது. செக்யூரிட்டி என்னை உள்ளாறயே உடமாட்டேன்றான்.”

“ஏன், என்னவாம்?”

“நான் ஆளே இல்லியாம். பதினாலு வருசமா அவன் தரைய தொடச்சது பேயா? ஏழு நாள்ல பொறந்த சர்ட்டிபிகேட் கொண்டாந்தா பாக்கலாம்ன்றான். எங்கம்மா என்னை நாத்து நட்டுகினு கீறசொல்ல வரப்புல பெத்துச்சு. வரப்புல போயி சர்ட்டிபிகேட் கேக்கவா?”

“உன் கார்டுல என்ன தேதி போட்ருக்கு?”

“சனவரி ஒண்ணு. ஆதார் கார்டு எடுக்க சொல்ல தேதி தெரியாதுன்னேன். அங்க எழுதுன பொண்ணே போட்டுச்சு. எனக்கு மட்டுமா? எங்க லைன்ல பாதிப் பேரு சனவரி ஒண்ணுதான். அல்லாரையும் நிறுத்திட்டான். யாரோ கம்பூட்டர்ல உக்காந்துகினு செஞ்ச வேலயாம். அவன் நல்லாயிருக்கட்டும்.”

அவள் போன பிறகு உள்ளே போனேன். தட்டில் தோசை பாதி அப்படியே இருந்தது.

“கா, ஜூன் ஒண்ணு உன் பொறந்தநாளுதானே?”

“இல்ல.”

“சர்ட்டிபிகேட்ல அதான இருக்கு?”

“வாத்தியார் போட்டது. நான் பொறந்தப்ப தெருவுல முட்டிக்கால் தண்ணின்னு அம்மா சொல்லும். ஜூன்ல ஏது அந்த மழை? ஸ்கூல் தொறக்கற அன்னிக்கு அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும்னு எல்லாப் புள்ளைங்களுக்கும் மே, ஜூன்னு போட்டுடுவாங்க. எங்க கிளாஸ்ல நாப்பது பேர்ல பதினாறு பேரு நான் பொறந்த அன்னிக்குதான் பொறந்தாங்க.”

“ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?”

“நீ கேக்கலயே.”

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்த 614ல பெரும்பாலும் மூணே தேதிதான்கா. சனவரி ஒண்ணு, மே பதினஞ்சு, ஜூன் ஒண்ணு. அதனாலதான் பொய்னு நெனச்சேன். அஞ்சலக்காவ நிறுத்துனது நாந்தான்.”

அவளுக்கு இது எப்படித் தெரியும்? அவளுடைய தேதி உண்மையான தேதி. அவள் விஷயத்தில் நான் பிடிவாதமாக நின்றுவிட்டேன்.

சனிக்கிழமை காலையிலேயே வெங்கட்டுக்குப் போன் போட்டாள். அவர் பேசியது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. கெட்ட மனிதர் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து திருவேற்காட்டில் ஃபிளாட் வாங்கியிருப்பவர்.

“மதி, கிளையன்ட் கைதட்டினாங்க. இப்போ போய் ரூலே தப்புன்னா நம்மள என்னன்னு நெனைப்பாங்க? உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா பேர் குடுங்க, அவங்கள மட்டும் எடுத்துடலாம்.”

“ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல சார். முழுசா தப்பு.”

“உங்க அக்கா சொன்னாங்கன்னு ரிப்போர்ட்ல எழுத முடியுமா? நம்பர் இருந்தா காட்டுங்க. திங்கக்கெழம பேசலாம்.”

போனை வைத்துவிட்டு, “நம்பர் வேணுமாம்” என்றாள்.

எங்களுக்குச் சனிக்கிழமையும் ஷிப்டு உண்டு. எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனில் ஒரு பலகை இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளர் 126 பேருடைய பிறந்தநாளையும் அதில் எழுதி வைத்திருப்பார்கள், அன்றைக்குக் கேக் வெட்டுவதற்காக. ஜூன் ஒன்றாம் தேதி மட்டும் ஒரே பெரிய கேக், பத்தொன்பது பேர் சேர்ந்து கத்தியைப் பிடிப்போம். “ஒரே ஆத்தா வயித்துல பத்தொம்போது. பாவம் அந்த ஆத்தா” என்று ஃபோர்மேன் அப்பாவு வருடா வருடம் சொல்வார், நாங்களும் வருடா வருடம் சிரிப்போம். சாப்பாட்டு நேரத்தில் நோட்டுடன் பலகை முன்னால் நின்றேன்.

“இன்னாம்மா, அத்தினி பேருக்கும் நீதான் கேக் வாங்கப் போறியா?” என்றார் அப்பாவு.

“என் தங்கச்சிக்கு வேணும்ணே.”

“பேரு வேணாம், தேதி மட்டும் போதும்” என்று மதி சொல்லியிருந்தாள். தேதியை மட்டும் எழுதினேன். எழுதி முடித்துக் கீழிருந்து மேலாக ஒரு முறை சரிபார்த்தேன். 126இல் 52 பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள். 14 பேர் ஜனவரி ஒன்று. எல்லோரும் தினம் என் கண்ணெதிரே சாப்பிடுகிறவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மதி அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திங்கள் காலை வெங்கட்டிடம் காட்டினாள். அவர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “எனக்கும் மே மாசந்தான் போட்டிருக்காங்க” என்றாராம். ஆனால் கிளையன்டுக்கு அனுப்பும் மெயிலில் தன் பெயரைப் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். மதி தன் பெயரில் அனுப்பினாள். “நான் எழுதிய விதி தவறு, ஆட்களை நிறுத்தியதை உடனே திரும்பப் பெறுங்கள், தொழிற்சாலைகளில் வருகைக்காகக் கைரேகை வைத்த பதிவைக் கொடுத்தால் மறுபடி பார்த்துச் சொல்கிறேன்” என்று. அனுப்புவதற்கு முன் எனக்குப் போனில் படித்துக் காட்டினாள். “தவறு” என்பதை “சிறு தவறு” என்று மாற்றலாமா என்று கேட்டாள். “சிறுசா?” என்றேன். அப்படியே அனுப்பிவிட்டாள்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பது நாள் ஆயிற்று. கைரேகைப் பதிவு வந்தது, ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டாள். 614 பேரில் 586 பேர் தினம் வந்து போகிற நிஜமான ஆட்கள். மூன்று மாதமாக விரல் வைக்காத 28 பேர்தான் பொய். 586 பேருக்கும் பச்சை விளக்கு எரிந்தது. டீம் லீட் பதவி ஜெகதீஷ் என்பவருக்குப் போயிற்று. அவர் மதிக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்தவர். வெங்கட் அவளிடம், “அடுத்த வருஷம் பாக்கலாம் மதி” என்றார். அடுத்த வருஷம் என்று அவர் சொன்னதை அவள் வீட்டில் ஒரு தடவைதான் சொன்னாள்.

அஞ்சலை வந்தாள். அவள் இடத்தில் அதற்குள் வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். இவளைத் திருமழிசையைத் தாண்டி வேறொரு தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும்.

“வேலை இருக்கில்ல, போதும்” என்றாள். “அல்லாம் நம்ம எத்திராஜ் சூப்பர்வைசர் பண்ணது. நேரா ஆபீசுக்குப் போயி மேசைய தட்டி கேட்டாராம். மனுசன்னா அவருதான். நீயும் கீறியே மதி, கம்பூட்டர் படிச்சுட்டு. ஒரு வார்த்த கேட்டியா எனக்கோசரம்?”

“கேக்கலக்கா” என்றாள் மதி.

நான் வாயைத் திறந்தேன். மதி என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

போன வாரம் அவளுக்கு ஒரு மருந்துக்கடையின் வாடிக்கையாளர் பட்டியல் வந்திருக்கிறது. சாயங்காலம் கண்ணில் ஈரத்துணியோடு படுத்தபடியே கேட்டாள்:

“கா, ஒரே போன் நம்பர எழுபது பேரு குடுத்துருக்காங்க. எழுபது பேரும் வேற வேற ஊடு. ஏன் இருக்கும்?”

நான் யோசித்தேன். “நம்பர் குடுத்தா மெசேஜ் வந்து தொல்லைன்னு குடுக்கமாட்டாங்க. பில் போட நம்பர் இல்லாம முடியாதுன்னா, கடைப் பொண்ணு தன் நம்பரயே போட்டுடும். எங்க கேன்டீன் பக்கத்துக் கடைல அப்படித்தான்.”

“அப்ப அந்த எழுபது பேரும் நெஜம்.”

“போய்ப் பாத்துட்டு எழுது.”

துணியை எடுக்காமலே, “ஞாயித்துக்கெழம அந்தக் கடைக்கு என்கூட வரியா?” என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஓய்வு நாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.