விழாத கணவாய்

போன சித்திரையில் நடந்த கோயில் கொடைவிழாவில் எங்கள் ஊர் ஒரு போரை ஜெயித்தது. முக்கூடலுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. போர் நடந்ததோ 1962இல், வடகிழக்கு எல்லை மலையில். அதில் நாம் தோற்றோம், நாம் காத்த கணவாய் எதிரி கையில் விழுந்தது. இதைச் சொல்ல ராணுவ வரலாறு படித்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன்.

அந்தக் கணவாயிலிருந்து என் சித்தப்பா திரும்பி வந்தார். அவரோடு பட்டாளத்தில் சேர்ந்த அதே தெரு நண்பர் வரவில்லை. இறங்கிவிடும்படி மேலிடத்து உத்தரவு வந்து எல்லோரும் இறங்கியபோது, வழியில் நண்பருக்குக் குண்டடிபட்டது. சித்தப்பா அவரை முதுகில் சுமந்து பனியில் நடந்தார். உயிர் போனது தெரியாமல் மேலும் கொஞ்ச தூரம் சுமந்திருக்கிறார். பின்னால் அந்த நண்பரின் தங்கையையே கட்டிக்கொண்டார். அவர்தான் என் சித்தி.

ஆயுள் முடியாமல் செத்தவருக்குப் பீடம் போட்டுக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சித்தியின் அண்ணனுக்கும் பீடம் உண்டு. கொடையன்று பீடத்தின் கதையை வில்லுப்பாட்டில் பாட வேண்டும். இத்தனை வருடம் நாலு வரியில் முடிந்துவிடும். இந்த முறை கொடைக் கமிட்டி புதுக் கதை கேட்டது. வில்லுப்பாட்டுக்காரர் என்னிடம் வந்து தேதிகளை வாங்கிப் போனார்.

மதியக் கொடையில் தேதி ஒன்றுகூடப் பிசகாமல் பாடினார். மற்ற எல்லாம் பொய். பாட்டில் இறங்கும் உத்தரவே வரவில்லை. செத்தவர் ஒற்றை ஆளாகக் கணவாயை மறித்து நின்றார், எதிரிப் படை திரும்பிப் போயிற்று. 'அப்படி நடந்திருந்தால்' என்று எழுதும் புத்தகங்கள் எனக்குப் பிடிக்கும். அவற்றில் அந்த 'இருந்தால்' முதல் பக்கத்திலேயே வந்துவிடும். இங்கே அது இல்லை. பருத்திச் சட்டையோடு அவர்களைப் பனிக்கு அனுப்பியவர்களும் பாட்டில் இல்லை. பழி போட ஆள் வேண்டுமே? கூட்டாளியை விட்டுவிட்டு உயிருக்குப் பயந்து ஓடிய ஒருவன் வந்தான். பெயர் சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பியவர் ஒருவர்தான். அவன் ஓடுகிற காலடியை வில்லோடு வாசிக்கும் குடத்தில் தட்டிக் காட்ட, கூட்டம் சிரித்தது.

சித்தப்பா எழுந்து நின்றார். "ஓடல. இறங்கச் சொன்னாவ, இறங்குனோம்."

"இருங்க பாட்டையா," என்றார் கமிட்டித் தலைவர். "கதைக்கு நடுவுல பேசுனா சாமி கோவிக்கும்."

"கோவிச்சா எங்கிட்ட வந்து கோவிக்கட்டும். அவனச் சுமந்தவன் நாந்தாம்லா."

நான் தலைவரிடம் போய், ஓடுகிறவனை எடுத்துவிடச் சொன்னேன். அவன் இல்லாவிட்டால் கதை சப்பென்று போய்விடும் என்றார். பிறகு பெரிய மனது பண்ணி, "வேணும்னா தேதிய எடுத்திருதோம் அண்ணாச்சி" என்றார்.

வில் மறுபடி தொடங்கியது. பீடத்தின் முன்னால் சித்தியின் பொங்கல் பானை, அண்ணனுக்காக வருடம் தவறாமல் வைப்பது. பொங்கி வரும் நேரம். சித்தி ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினார். புகைக்குள்ளிருந்து எழுந்து சித்தப்பாவிடம் வந்தார்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்."

பாட்டு நின்றுவிட்டது. பொங்காத பானை பீடத்தின் முன்னாலேயே இருந்தது. அதைத் தொட்டு எடுக்க கமிட்டியில் ஒருவரும் முன்வரவில்லை.