போ

ஒரு முழு ரக்பி அணியைத் தனியாளாகத் தோற்கடித்தவள் நான். பந்தைத் தொடக்கூட இல்லை. அப்போது எனக்குப் பத்து வயது. டொச், அதாவது ஜெர்மன் மொழி, எனக்கு முழுக்கத் தெரியும் என்ற திமிருக்கு மட்டும் வயது கொஞ்சம் கூட.

கொழும்பில் ரக்பி ஆடிய என் மாமா, ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்தும் அதை விடவில்லை. இங்கே பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக். தோள்மூட்டு இரண்டாம் முறை கழன்றபோது, இனி ஆடக்கூடாது என்றார் மருத்துவர். பயிற்சியாளராக்கிப் பார்க்கலாம் என்றது கழகம்: இரண்டு வாரப் பயிற்சி, ஒரு போட்டி, பிறகு அணித்தலைவர் சொல்வதே முடிவு. அதுவும் போனால் மாமா சோபாவோடு ஒட்டிவிடுவார் என்று அம்மா பயந்தார்.

மாமாவின் டொச், வணக்கத்தையும் நன்றியையும் தாண்டாது. மருத்துவரிடம், அலுவலகத்தில் என்று அவருக்கு நேரம் குறித்த டெர்மின்களுக்கெல்லாம் நான்தான் மொழிபெயர்ப்பாளர். பயிற்சிக்குத் தனியே போனவர், போட்டிக்கு என்னையும் கூட்டிப்போனார்.

ஆட்டத்துக்கு முன் வீரர்கள் உடம்பைச் சூடாக்க ஓடினார்கள். மாமா கையை வீசி, "போ! போ!" என்று கத்தினார். வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவருடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, கத்தாதேங்கோ! டொச்சிலை அது குண்டி. எல்லாரும் சிரிக்கினம்."

"ஐயோ, இவ்வளவு நாளும் அதையோ கத்தினனான்?"

"ஓம்."

"சரி பிள்ளை. இனி வாயே திறக்க மாட்டன்."

திறக்கவில்லை. வீரர்கள் பந்தை ஏந்தியபடி அடிக்கடி எங்கள் பக்கம் திரும்பினார்கள். கேலி செய்யத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்து, மாமாவின் ஜாக்கெட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் தோளில் கிடந்த துவாயைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் திரும்பிப் பார்த்த நேரத்திலெல்லாம் எதிரணி ஓடியது. படுதோல்வி.

சேறு வழிய அணித்தலைவர் வந்து என்னிடம் கேட்டார்: "இவர் ஏன் இன்றைக்குப் 'போ' சொல்லவில்லை? முதல் நாள் சிரித்தோம். பிறகு அதைக் கேட்டால்தான் எங்களுக்குக் கால் ஓடுகிறது."

மொழிபெயர்த்தேன். மாமா என்னை ஒருமுறை பார்த்தார்.

"தொண்டை கட்டிப்போச்செண்டு சொல்லு."

தொண்டை நன்றாகத்தானே இருக்கிறது, மாமா எதற்குப் பொய் சொல்கிறார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

அணித்தலைவர் மாமாவின் தொண்டையைப் பார்க்கவில்லை. ஜாக்கெட்டை விடாத என் கையைப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதையும் நான்தான் மாமாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது:

"அடுத்த போட்டிக்கும் இவரே வரட்டும். மொழிபெயர்ப்பாளர் மட்டும் வீட்டில் இருக்கட்டும்."